பகைவர்கள் பேசிக்கொண்ட காலம்

குழந்தைக்குப் பால் பல் விழுந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிகிறோம். கூரை இல்லாத பட்டணத்து வீடானால் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுகிறோம். அண்டை வீட்டுப் பையன் "ஓட்டைப் பல்" என்று கேலி செய்ய, குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அத்தோடு அந்தப் பல்லின் கதை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1958-ஆம் வருஷக் கடைசியிலிருந்து அந்த ஊர்த் தாய்மார்கள் விழுந்த பல்லைத் தூர எறியவில்லை. ஓர் உறையில் போட்டு, குழந்தை பிறந்த தேதி, தாய்ப்பால் குடித்ததா புட்டிப்பால் குடித்ததா என்ற விவரம் எல்லாம் எழுதித் தபாலில் சேர்த்தார்கள். பல் அனுப்பிய குழந்தைக்கு, "என் பல்லை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தேன்" என்ற வாசகத்துடன் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை வரும். வில்லைக்கு ஆசைப்பட்டு, ஆடாத பல்லையும் ஆட்டிப் பார்த்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள்! 1970 வரையில் இப்படிச் சேர்ந்த பற்கள் சுமார் 3,20,000.

இத்தனை பற்கள் எதற்கு? அந்தக் காலத்தில் அமெரிக்காவும் ஸோவியத் ரஷ்யாவும் போட்டி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. வெடித்த சாம்பல் காற்றில் ஆயிரக்கணக்கான மைல் போய், மழையோடு கலந்து புல்லில் இறங்கியது. புல்லைப் பசு தின்றது. பசுவின் பாலைக் குழந்தை குடித்தது. அந்தச் சாம்பலில் ஸ்ட்ரான்ஷியம்-90 என்று ஒரு நஞ்சு உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டுக்கொண்டு எலும்பிலும் பல்லிலும் போய்க் குடியேறிவிடும். டாக்டர் லூயிஸ் ரைஸ் என்ற பெண்மணியின் தலைமையில் பற்களைப் பொடித்துப் பரிசோதித்தார்கள். குண்டுச் சோதனைகள் பெருகப் பெருக, பின்னால் பிறந்த குழந்தைகளின் பல்லில் நஞ்சும் பெருகியிருப்பது 1961-இல் தெரியவந்தது.

எங்கோ பாலைவனத்தில் வெடித்த குண்டு குழந்தையின் வாய்க்குள் வந்துவிட்டது. இனித் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? 1961 அக்டோபர் 30-ஆம் தேதி ரஷ்யா உலகத்திலேயே மிகப் பெரிய குண்டை வெடித்தது. ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேலான வலிமை அதற்கு. அதற்கு இரண்டு நாள் கழித்து, நவம்பர் முதல் தேதி, முன்பே திட்டமிட்டபடி அமெரிக்காவின் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சமையலையும் வேலையையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளுக்கான புத்தகங்களில் சித்திரம் வரையும் டாக்மார் வில்ஸன் என்ற அம்மாள் தொடங்கிவைத்த இயக்கம் அது. "இவர்கள் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்களோ?" என்று அமெரிக்கப் பார்லிமெண்டின் கமிட்டி ஒன்று 1962 டிசம்பரில் அவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டது. அவர்களோ கைக்குழந்தைகளோடும் பூச்செண்டுகளோடும் வந்து உட்கார்ந்தார்கள். அதட்டி விசாரிக்க வந்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவரும் அந்தச் சமயத்தில் இதே காரியமாக வாஷிங்டனுக்குப் போயிருந்தார். காந்தி சமாதான நிதியின் தூதுக்குழுவில் ராஜாஜி தம்முடைய 83-ஆம் வயதில் கடல் கடந்து சென்று, 1962 செப்டம்பர் 28-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி எடுத்துச் சொன்னார்.

அவர் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. உலகம் நெருப்பின் விளிம்பில் போய் நின்றது.

வைக்கோற்போரும் தீப்பந்தமும்

அந்தக் கதைக்குப் போகுமுன், வல்லரசுகள் நம்பியிருக்கும் தத்துவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக் கொல்லையிலும் பெரிய வைக்கோற்போர். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தீராப் பகை. இருவர் கையிலும் தீப்பந்தம். "என் போரில் கை வைத்தாயோ, உன் போரையும் கொளுத்திவிடுவேன்!" என்கிறான் இவன். அவனும் அதையே சொல்கிறான். ஆகவே இருவரும் கொளுத்தாமல் இருக்கிறார்கள். அன்பினால் அல்ல, அச்சத்தினால். இதைத்தான் ராஜதந்திரிகள் பெரிய பெரிய வார்த்தைகளில் அச்சத் தடுப்பு என்று சொல்லுகிறார்கள். 1945-க்குப் பிறகு போரில் ஒரு குண்டுகூட வெடிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் இந்த அச்சத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிற தப்பை அச்சம் தடுக்கும். தெரியாமல் நேருகிற தப்பை அது தடுக்காது. அடுப்பங்கரையிலிருந்து ஒரு பொறி பறந்து வைக்கோலில் விழுந்துவிட்டால்? "ஐயோ, அது நான் செய்ததல்ல!" என்று சொல்ல வேண்டும். சொல்லுவதற்கு இரண்டு வீட்டுக்கும் நடுச் சுவரில் ஒரு ஜன்னலாவது வேண்டும். பேச்சு வார்த்தையே இல்லாத பகையில் அச்சம் இருக்கும், ஜன்னல் இராது.

1962 அக்டோபரில் ஜன்னல் இல்லை.

பன்னிரண்டு மணி நேரம்

அமெரிக்காவுக்கு மிக அருகில் இருக்கிற கியூபாத் தீவில் ரஷ்யா அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து இறக்கியது. அக்டோபர் 16-ஆம் தேதி கென்னடிக்கு இது தெரியவந்தது. பதின்மூன்று நாள் உலகம் மூச்சுவிடவில்லை. நடுவில், 26-ஆம் தேதி, ரஷ்யத் தலைவர் குருஷ்சேவ் சமாதானத்துக்கு வழி தேடி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராலயத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, சங்கேத எழுத்தாக மாறி, தந்தியில் துண்டு துண்டாக வாஷிங்டனுக்கு வந்து, திரும்பவும் படிக்கும்படியான பாஷையாவதற்குச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. உலகமே எரிந்து போவதற்கு அரைமணி போதும். "எரிக்க வேண்டாம்" என்ற செய்தி போய்ச் சேர அரை நாள்!

வாஷிங்டனிலிருந்த ரஷ்யத் தூதர் டோப்ரினின் பாடு இன்னும் வேடிக்கை. அவர் மாஸ்கோவுக்கு அவசரத் தந்தி அனுப்ப வேண்டுமானால் தந்தி ஆபீஸுக்குச் சொல்லி அனுப்புவார். சைக்கிளில் ஒரு பையன் வருவான். வாங்கிக்கொண்டு போவான். வழியில் எந்தப் பெண்ணோடாவது அரட்டை அடிக்க நின்றுவிடாமல் நேரே போக வேண்டுமே என்று தூதராலயத்தில் எல்லோரும் வேண்டிக்கொள்வார்களாம். டோப்ரினினே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். மானிட குலத்தின் தலைவிதி அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது!

நல்லவேளையாக ஏவுகணைகள் திரும்பிப் போயின. பயந்தவர்கள் பாடம் கற்றார்கள். 1963 ஜூனில் இரண்டு வல்லரசுகளும் நேர்த்தந்தி ஒன்று போட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் அல்ல அது. வாஷிங்டனிலிருந்து லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்ஸிங்கி வழியாக மாஸ்கோ வரை போன கம்பியில் எழுத்தை அச்சடிக்கும் யந்திரம். வாயால் பேசினால் கோபத்தில் ஒன்று கிடக்க ஒன்று வந்துவிடும், மொழிபெயர்ப்பிலும் பிசகு நேரும். எழுதினால் யோசித்து எழுதலாம் அல்லவா? ஆகஸ்ட் 30-ஆம் தேதி அமெரிக்கா அனுப்பிய முதல் செய்தி என்ன தெரியுமா? ஒரு பழுப்பு நரி சோம்பேறி நாயைத் தாண்டிக் குதித்தது என்பதுதான். ஆங்கில எழுத்து இருபத்தாறும் அந்த வாக்கியத்தில் வந்துவிடுமாகையால், யந்திரம் சரியாக அடிக்கிறதா என்று பார்க்க அதை அனுப்பினார்கள்.

அதே மாதம் 5-ஆம் தேதி மாஸ்கோவில் இன்னொரு கையெழுத்தும் ஆயிற்று. காற்றிலும், விண்வெளியிலும், நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்ற உடன்படிக்கை. ஸெயின்ட் லூயிஸ் குழந்தைகளின் பல்லில் அதன் பிறகு நஞ்சு குறையத் தொடங்கியது. சர்க்கார் அறிக்கையைவிட அந்தச் சின்னஞ்சிறு பற்கள் சொன்ன சாட்சி பெரிது.

எண்ணிப் பார்க்க வந்த விருந்தாளிகள்

ஜன்னல் ஒன்று திறந்துவிட்டால் போதுமா? போதாது. 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு நடந்ததைக் கேளுங்கள். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு காவல் நிலையத்தில் பெட்ரோவ் என்ற ராணுவ அதிகாரி காவலில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டதாக யந்திரம் அலறியது. பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்றது. மேலிடத்துக்கு "தாக்குதல்" என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! "யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை விட்டுத் தொடங்குவானா?" என்று அவர் நிதானமாக யோசித்தார். யந்திரக் கோளாறு என்று தெரிவித்தார். அப்படியேதான் ஆயிற்று. மேகத்தின்மேல் பட்ட சூரிய வெளிச்சத்தை ஏவுகணை நெருப்பு என்று ஸாடிலைட் நினைத்துவிட்டது. தத்துவம் நம்மைக் காப்பாற்றவில்லை. ஒரு மனிதருடைய நிதானம் காப்பாற்றியது.

இத்தகைய பயங்கரங்களால்தான், 1985 நவம்பரில் ஜெனீவாவில் சந்தித்த ரீகனும் கோர்பசேவும், அணு யுத்தத்தில் யாரும் வெல்ல முடியாது, அதை ஒருபோதும் நடத்தவும் கூடாது என்று சேர்ந்து அறிக்கை விட்டார்கள். 1987 டிசம்பர் 8-ஆம் தேதி நடுத்தர தூரத்து ஏவுகணைகளை அடியோடு ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன.

உடைத்ததாகச் சொன்னால் போதுமா? பார்க்க வேண்டாமா? "நம்பு, ஆனாலும் சரிபார்" என்று ஒரு ரஷ்யப் பழமொழி. ரீகன் அதை ரஷ்ய மொழியிலேயே கற்றுக்கொண்டு ஓயாமல் சொல்லுவார். கையெழுத்திடும் சபையில் கோர்பசேவ், "எல்லாக் கூட்டத்திலும் இதையே சொல்கிறீர்களே!" என்று சொல்ல, சபை கொல்லென்று சிரித்தது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்கிற நாம் இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கம் வோட்கின்ஸ்க் என்று ஓர் ஊர். சங்கீத மேதை சைக்கோவ்ஸ்கி பிறந்த ஊர் அது. அங்கே ஏவுகணைத் தொழிற்சாலை இருந்ததால் அந்நியர்கள் காலே வைக்க முடியாது. அந்த ஊரில், 1988 முதல் பதின்மூன்று வருஷ காலம், அமெரிக்க சோதனையாளர்கள் குடியிருந்து, தொழிற்சாலை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்து வெளியே போகிற வண்டிகளைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மாக்னா என்ற ஊர்த் தொழிற்சாலை வாசலில் ரஷ்யர்கள் வந்து அதேபோல உட்கார்ந்தார்கள். பகைவனை வாசலில் உட்காரவைத்து, "வேண்டிய மட்டும் எண்ணிப் பார்" என்று சொல்லுவதென்றால் சரித்திரத்தில் எளிதில் நடக்கிற காரியமா?

எண்ணிப் பார்ப்பதில் என்ன அவ்வளவு பெரிய லாபம் என்று கேட்கலாம். எதிர் வீட்டில் எத்தனை மூட்டை அரிசி வாங்கினார்கள் என்று தெரியாத வரையில் நமக்குப் பத்து மூட்டையாகத் தோன்றும். தெரிந்துவிட்டால் இரண்டுதான். பத்து என்று எண்ணுகிறவன் தானும் பன்னிரண்டு வாங்குவான். உலகத்தில் அணுகுண்டுகள் 1980-களின் நடுவில் எழுபதினாயிரம் அளவுக்குப் போனது இப்படித்தான். பேசவும் எண்ணவும் தொடங்கிய பிறகு அது சுமார் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கியது.

குண்டில் எரிந்த விளக்கு

1991-இல் ஸோவியத் யூனியன் உடைந்தது. அப்போது ஒரு புதுக் கவலை வந்தது. பகைவன் பலசாலியாக இருந்தவரை அவன் குண்டுகள் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தன. அவன் வறுமைப்பட்டுவிட்டான். விஞ்ஞானிகளுக்கே மாதக் கணக்கில் சம்பளம் வரவில்லை. பூட்டு உடைந்து சரக்கு யார் கைக்காவது போய்விட்டால்? நன், லூகர் என்ற இரண்டு ஸெனட்டர்கள் கொண்டுவந்த சட்டத்தின்படி, அமெரிக்கா தன் பணத்திலேயே ரஷ்யக் குண்டுகளுக்குப் பூட்டும் வேலியும் போட உதவி செய்தது. கஸாக்ஸ்தானில் கிடந்த சுமார் 600 கிலோ வெடிப்பு யுரேனியத்தை 1994-இல் விமானத்தில் ஏற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியது.

1992 பிப்ரவரியில் இன்னொரு அதிசயமும் நடந்தது. ரஷ்யாவில் ஸரோவ் என்ற ஊர். முதல் ஸோவியத் அணுகுண்டு உருவான இடம். வெகு காலம் பூகோளப் படத்திலேயே அந்தப் பெயர் கிடையாது. அங்கே அமெரிக்க அணுகுண்டுச் சாலையான லாஸ் அலமாஸின் தலைவர் ஹெக்கர் விமானத்தில் போய் இறங்கினார். வரவேற்க வந்து நின்றவர், அந்த முதல் குண்டை உருவாக்கிய முதியவர் கரிட்டன். வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் அழிக்கக் கணக்குப் போட்டவர்கள், குண்டுகளைப் பத்திரப்படுத்தக் கணக்குப் போட உட்கார்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விளக்குக் கதைதான். தாமஸ் நெப் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1991-இல் பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். ரஷ்யக் குண்டுகளிலிருக்கும் யுரேனியத்தை எடுத்து, மோருக்குத் தண்ணீர் விடுவதுபோல் வீரியத்தைக் குறைத்து, மின்சார நிலையத்துக்கு எரிபொருளாக விற்றால் என்ன? ரஷ்யாவுக்குப் பணம், அமெரிக்காவுக்கு மின்சாரம், உலகத்துக்கு நிம்மதி. இரண்டு சர்க்கார்களும் 1993-இல் ஒப்புக்கொண்டன. 2013 வரையில் 500 டன் வெடிப்பு யுரேனியம், அதாவது இருபதாயிரம் குண்டுகளுக்கான சரக்கு, இப்படிக் கரைந்தது. பல வருஷ காலம் அமெரிக்காவில் எரிந்த பத்து விளக்குகளில் ஒன்று, அதே அமெரிக்காவைச் சாம்பலாக்குவதற்காக ரஷ்யா செய்துவைத்த குண்டினால் எரிந்தது! எத்தனையோ தாய்மார்கள் அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்தே இராது.

ஜன்னல்கள் மூடின

இத்தனையும் சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்று கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். அப்புறம் சொல்லச் சந்தோஷமாக இல்லை.

2002-இல் அமெரிக்கா ஓர் உடன்படிக்கையிலிருந்து விலகியது. எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே மடக்கும் கேடயத்தைப் பெருக்கிக்கொள்வதில்லை என்று 1972-இல் இருவரும் செய்துகொண்டது அது. சின்னத் தேசங்கள் ஏவுகணை விடக்கூடும், அதற்காகக் கேடயம் வேண்டும் என்றது அமெரிக்கா. ஒருவன் கேடயம் பிடித்தால் மற்றவன் ஈட்டி உதவாது போய்விடுமே என்றது ரஷ்யா. மனக்கசப்பு அங்கே விதைத்தது.

பூட்டுப் போட உதவி செய்த பழைய உடன்படிக்கை 2013-இல் காலாவதியாயிற்று. "எங்கள் வீட்டுப் பூட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ரஷ்யா சொல்லிவிட்டது. 2014-இல் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. மனக்கசப்பு பகையாயிற்று. ஆளுக்கு 34 டன் புளூட்டோனியத்தைக் குண்டுக்கு உதவாமல் செய்துவிடுவது என்ற ஒப்பந்தத்தை ரஷ்யா 2016-இல் நிறுத்திவைத்தது. 2025 அக்டோபரில் சட்டம் போட்டே விலகிக்கொண்டது.

ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 2019 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முடிந்தது. ரஷ்யா தடுக்கப்பட்ட ஏவுகணையை ரகசியமாகச் செய்துவிட்டது என்றது அமெரிக்கா. இல்லவே இல்லை, ருமேனியாவில் நீங்கள் வைத்திருக்கும் யந்திரம்தான் விதிக்கு விரோதம் என்றது ரஷ்யா. முன்பு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சோதனையாளர்கள் இருந்திருந்தால், யார் சொல்வது நிஜம் என்று தெரிந்திருக்கும். அவர்கள் வேலை 2001-லேயே முடிந்து போயிருந்தது.

கடைசியாக மிஞ்சியது ஒன்று. 2010 ஏப்ரல் 8-ஆம் தேதி பிராக் நகரில் ஒபாமாவும் மெத்வெதேவும் கையெழுத்திட்ட 'நியூ ஸ்டார்ட்' உடன்படிக்கை. தயாராக நிறுத்திவைக்கும் நெடுந்தூர அணுகுண்டுகள் ஆளுக்கு 1,550-க்கு மேல் கூடாது. வருஷத்துக்குப் பதினெட்டு முறை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்கலாம். ஏவுகணையின் உச்சியைத் திறந்து காட்டுவார்கள். ரகசியம் தெரிந்துவிடாதபடி குண்டுகளை மட்டும் துணி போட்டு மூடியிருப்பார்கள். துணிக்கு மேலே தெரிகிற புடைப்புகளை எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முகம் காட்டாமல் தலை எண்ணச் சொன்னதுபோல! இப்படி 328 முறை போய் வந்தார்கள். இடத்தை மாற்றினோம், பழுது பார்க்க அனுப்பினோம் என்று ஒருவருக்கொருவர் அனுப்பிய தகவல்கள் இருபத்தையாயிரத்துக்கு மேல்.

2020 மார்ச்சில் கொரோனாக் காய்ச்சலுக்காகப் போக்குவரத்து நின்றது. காய்ச்சல் தணிந்தது, போக்குவரத்து திரும்பவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் வந்துவிட்டது. அமெரிக்கா உக்ரேனுக்கு ஆயுதம் கொடுத்தது. அந்த நிலையில் உங்களை எங்கள் ஏவுகணைத் தளத்துக்குள் எப்படி விடுவது என்று கேட்டு, 2023 பிப்ரவரியில் ரஷ்யா உடன்படிக்கையை நிறுத்திவைத்தது. அந்த வருஷம் நவம்பரில், அணுகுண்டுச் சோதனையை முற்றிலும் தடுக்கும் உடன்படிக்கைக்குக் கொடுத்திருந்த சம்மதத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா 1996-இல் கையெழுத்துப் போட்டதே தவிர, அதன் ஸெனட் சபை சம்மதம் கொடுக்கவே இல்லை. குற்றத்தை ஒரே வீட்டுத் திண்ணையில் இறக்கிவைக்க முடியாது.

2026 பிப்ரவரி 5-ஆம் தேதி 'நியூ ஸ்டார்ட்' உடன்படிக்கையின் ஆயுளும் முடிந்தது. இரு வல்லரசுகளின் பெரிய ஏவுகணைகளுக்கு உச்சவரம்பு கட்டிய உடன்படிக்கைகளில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"சாப்பிட்டாயிற்றா?"

இதற்கு நடுவே மூன்றாவது வீட்டுக்காரரும் வைக்கோற்போர் அடுக்க ஆரம்பித்திருக்கிறார். சீனாவிடம் சுமார் 600 அணுகுண்டுகள் இருப்பதாக 2025-இல் மதிப்பிட்டார்கள். சீனாவும் வந்து உட்கார வேண்டும் என்கிறது அமெரிக்கா. உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்கிறது சீனா. இரண்டு பேர் பேசுவதே கஷ்டமாக இருக்கையில், மூன்று பேரை ஒரு பாயில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லா ஜன்னலும் அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடன்படிக்கையை நிறுத்திவைத்த 2023-இல்கூட, சோதனைக்காக ஏவுகணை விட்டால் முன்கூட்டித் தெரிவிக்கும் 1988-ஆம் வருஷத்து வழக்கத்தைக் கைவிட மாட்டோம் என்று ரஷ்யா சொல்லிற்று. அதற்கு முந்தின வருஷம் ஜனவரி 3-ஆம் தேதி, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்தும் சேர்ந்து, ரீகனும் கோர்பசேவும் சொன்ன அதே வார்த்தையை மறுபடி சொல்லின. சொன்ன ஏழு வாரத்தில் உக்ரேன் யுத்தம் தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம். சொல்லாமல் இருந்ததைவிடச் சொன்னது மேல்.

உடன்படிக்கைகள் பகையைத் தீர்த்துவிட்டன என்று யாரும் சொல்லவில்லை. வோட்கின்ஸ்க் வாசலில் உட்கார்ந்திருந்த அமெரிக்கரும் மாக்னா வாசலில் இருந்த ரஷ்யரும் பகை நாட்டார்தான். பகை இருக்கும்போதே பேசினார்கள், எண்ணினார்கள், தகவல் சொன்னார்கள். ஆகவே யந்திரம் பொய்யாக அலறும்போது, "அவர்கள் அப்படிச் செய்யக்கூடியவர்களா?" என்று ஒரு விநாடி யோசிக்க இடம் இருந்தது. அந்த ஒரு விநாடிதான் போய்க்கொண்டிருக்கிறது. பெட்ரோவ் 2017-இல் காலமாகிவிட்டார். அடுத்த முறை காவலில் இருப்பவர் அவரைப் போல் நிதானம் உள்ளவராக இருக்க வேண்டுமே!

அந்த நேர்த்தந்தியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். கம்பி போட்டது தொட்டு இரட்டைப்படை மணிக்கு வாஷிங்டன் ஒரு செய்தி அனுப்பும். ஒற்றைப்படை மணிக்கு மாஸ்கோ அனுப்பும். செய்தி என்றால் ராஜாங்கச் செய்தி அல்ல. யாரோ எழுதிய கதையில் ஒரு பக்கம், ஏதோ ஒரு வர்ணனை, அவ்வளவுதான். கம்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாக்கு. பகலும் இரவுமாக, பண்டிகை நாள்கூட விடாமல், வருஷக் கணக்கில் இப்படி ஒன்றுமில்லாத விஷயத்தைப் பரிமாறிக்கொண்டார்கள்.

நாமும் அடுத்த வீட்டு அம்மாளைப் பார்த்தால், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கிறோம். அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பதா நமக்குக் கவலை? நேற்றுக் குழாயடியில் சண்டை போட்டிருப்போம். நாளைக்கும் போடுவோம். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்கு ஜுரம் அடித்தால் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். அதற்காக இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டுவைக்கிறோம். வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் பெரிய நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன ஞானம் ஒரு காலத்தில் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் கைபிசைந்துகொண்டு காத்திருந்த பிறகு வந்த ஞானம். இன்னொரு தடவை அப்படிக் காத்திருந்து கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.